எதிர்காற்று

சீ ஹாக் விமானத்தின் படத்தை முதல் தடவை பார்க்கிறவர்கள் வால் பக்கம் போய்த் தேடுவார்கள். ஜெட் என்றால் பின்னால் ஓட்டை இருக்கணுமே.

இல்லை.

இறக்கை உடம்போடு சேருகிற இடத்தில், பின்விளிம்பில், பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு வாய். எஞ்சின் என்னவோ ஒன்றுதான். ரோல்ஸ் ராய்ஸ் நீன். விமானிக்கு முதுகுப்புறம் இருக்கும். அதன் புகைக்குழாயை உள்ளுக்குள்ளேயே இரண்டாகப் பிரித்துவிட்டார்கள்.

பின்பாதி உடம்பு இதனால் மிச்சம். அங்கே எரிபொருள் தொட்டி. எஞ்சினுக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. தீரத் தீர எடை ஒரு பக்கமாகச் சாயாது.

குழாய் நீண்டால் உந்துவிசை கொஞ்சம் வீணாகும். அதுவும் மிச்சம்.

வடிவமைத்தவர் சிட்னி காம். ஹாக்கர் நிறுவனம். இரண்டாம் உலகப் போரின் ஹரிக்கேன் இவர் பட்டறையில் பிறந்ததுதான்.

*

முதல் மாதிரி பறந்த நாள் 1947 செப்டம்பர் 2. இந்தியா சுதந்திரம் வாங்கிப் பதினெட்டு நாள்.

புதிய விமானந்தாங்கிக் கப்பல் விக்ராந்த் கொச்சியில் இந்தியக் கடற்படையில் சேர்ந்த நாள் 2022 செப்டம்பர் 2.

எழுபத்தைந்து வருஷம், நாள் பிசகாமல். யாரும் பஞ்சாங்கம் பார்த்து வைத்ததாகத் தெரியவில்லை.

*

கொச்சியில், காக்கநாடு ஜெட்டியிலிருந்து வைற்றிலைக்கு வாட்டர் மெட்ரோ. பேட்டரியில் ஓடுகிற படகு. ஏசி. சத்தம் அநேகமாக இல்லை. இன்ஃபோபார்க் பிள்ளைகள் காதில் எதையோ செருகிக்கொண்டு தூங்குகிறார்கள். இரண்டு பக்கமும் ஆகாயத்தாமரை, அதற்கு மேல் தென்னை, அதற்கு மேல் அடுக்குமாடி.

இந்தப் படகைக் கட்டியது கொச்சி கப்பல் கட்டுந்தளம். 262 மீட்டர் விக்ராந்தைக் கட்டியதும் அதுவே.

பழைய விக்ராந்த் இதைவிட ரொம்பச் சின்னது. முழுப் பாரத்தோடு சுமார் 19,500 டன். புதியது சுமார் 45,000.

சீ ஹாக் ஏறி இறங்கியது அந்தப் பழையதில்.

*

எங்கள் குடியிருப்பில் ஒரு முன்னாள் கடற்படைக்காரர். மேல்தளப் பணியாளராக இருந்தவர். எழுபத்தைந்தைத் தொடுகிற வயது. ஷோகேஸில் மரத்தில் செய்த சீ ஹாக் பொம்மை. இறக்கை மடங்கும். ஒரு பக்கம் மட்டும். இன்னொரு பக்கத்துக் கீல் துருப்பிடித்து இறுகிவிட்டது.

"யுத்தத்தைப் பத்திச் சொல்லுங்க சேட்டா."

"அதெல்லாம் புஸ்தகத்தில் உண்டு சாரே."

புத்தகத்தில் இல்லாததாக அவர் சொன்னது ஒன்று. விமானம் கிளம்புவதற்கு முன் எல்லாரும் தோளோடு தோள் வரிசையாக நிற்பார்கள். தளத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடப்பார்கள். தலை குனிந்தபடி. ஒரு ஸ்க்ரூ, ஒரு வாஷர், உரிந்த பெயின்ட் செதில். கண்ணில் பட்டதைப் பொறுக்கிப் பைக்குள் போட வேண்டும். எஞ்சின் உறிஞ்சினால் விமானமும் போச்சு, ஆளும் போச்சு.

இப்போதும் அவர் அப்படித்தான் நடக்கிறார். பார்க்கிங்கில், வாக்கிங் போகும்போது. பாட்டில் மூடி, ஆணி. குனிந்து எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொள்கிறார். வீட்டம்மாவுக்கு அந்தச் சட்டையைத் துவைக்கும் நாளெல்லாம் ஒரு பாட்டு.

*

மடங்கிய இறக்கையோடு சீ ஹாக்கின் அகலம் நாலு மீட்டர். விரித்தால் கிட்டத்தட்ட பன்னிரண்டு. கப்பலுக்குள் லிஃப்டில் இறக்கி அடுக்க வேண்டுமே.

மூக்கின் அடியில் 20 மில்லிமீட்டர் பீரங்கி நாலு. இறக்கைக்குக் கீழே குண்டோ ராக்கெட்டோ. தொடக்கத்தில் ரேடார் கிடையாது. ஏவுகணை கிடையாது. விமானியின் கண்தான் எல்லாம்.

ஒலியை முந்தாது. கடல்மட்டத்தில் மணிக்குச் சுமார் 960 கிலோமீட்டர். ஆனால் சொன்ன பேச்சு கேட்கும் என்பது ஓட்டியவர்கள் எல்லாரும் சொல்வது. கப்பலில் இறங்குகிறவனுக்கு வேகத்தைவிட அதுதான் முக்கியம் என்று நினைக்கிறேன்.

*

1956. சூயஸ். ஈகிள், ஆல்பியன், புல்வர்க் ஆகிய பிரிட்டிஷ் கப்பல்களிலிருந்து சீ ஹாக்குகள் எகிப்தைத் தாக்குகின்றன. உடம்பில் கறுப்பும் மஞ்சளுமாகப் பட்டை. அடையாளத்துக்கு.

நேரு அந்தப் படையெடுப்பைக் கண்டித்தார்.

1957 ஜனவரி. பிரிட்டனிடமிருந்து ஹெர்குலிஸ் என்ற முடிக்கப்படாத கப்பலை இந்தியா வாங்குகிறது; பின்னால் அதுதான் பழைய விக்ராந்த். அப்புறம் அதன்மேல் நிறுத்த விமானம். சீ ஹாக்.

*

ஹெர்குலிஸ் நீரில் இறங்கியது 1945 செப்டம்பர் 22. எந்தப் போருக்காகக் கட்டினார்களோ அது மூன்று வாரத்துக்கு முன்பே முடிந்துபோயிற்று. ஜப்பான் சரணடைந்து கையெழுத்துப் போட்டது செப்டம்பர் 2.

மூன்றாவது செப்டம்பர் 2. தேதி பார்ப்பதை இதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

போர் முடிந்த கையோடு வேலையை நிறுத்திவிட்டார்கள். பத்துப் பன்னிரண்டு வருஷம் சும்மா கிடந்தது. இந்தியா வாங்கிய பிறகு பெல்ஃபாஸ்டில் ஹார்லண்ட் அண்ட் வுல்ஃப் முடித்துக் கொடுத்தது. டைட்டானிக்கைக் கட்டிய அதே இடம்.

சும்மா கிடந்ததில் ஒரு லாபம். அந்த இடைவெளியில் விமானந்தாங்கிக் கப்பலின் தலையெழுத்தையே மாற்றிய மூன்று சங்கதிகள் வந்துவிட்டன. சாய்வான ஓடுதளம். நீராவியில் இயங்கும் கேட்டபுல்ட். இறங்குகிறவனுக்குச் சரிவு காட்டும் கண்ணாடி. மூன்றும் விக்ராந்தில் ஏறின.

*

கண்ணாடிக் கதை நன்றாக இருக்கிறது.

நிக்கலஸ் குட்ஹார்ட், பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி. அலுவலகத்தில் உதவியாளராக இருந்த பெண்ணிடம் முகம் பார்க்கும் சின்னக் கண்ணாடியும் லிப்ஸ்டிக்கும் வாங்குகிறார். கண்ணாடியின் நடுவே லிப்ஸ்டிக்கால் ஒரு கோடு. அதை மேஜைமேல் சாய்த்து வைத்து, பக்கத்தில் ஒரு வெளிச்சம். வெளிச்சத்தின் பிம்பத்தைக் கோட்டிலிருந்து விலகாமல் பார்த்துக்கொண்டே நடந்து வா என்கிறார். அந்தப் பெண் நடந்து வருகிறார். மோவாய் தானாக மேஜைக்கு இறங்கி வந்து சேர்கிறது.

ஜெட் விமானம் கப்பலில் பத்திரமாக இறங்கும் வழி அதுதான்.

லிப்ஸ்டிக் திரும்பக் கிடைத்ததா என்று யாரும் எழுதவில்லை.

*

வேல்ஸ் பகுதியில் பிராடி என்ற விமானத்தளம். 1953-ல் சீ ஹாக் முதன்முதலில் போய்ச் சேர்ந்த பிரிட்டிஷ் அணி 806. கடைசியாக வைத்திருந்து 1960 டிசம்பரில் கலைந்த அணியும் 806.

அதே பிராடி. 1960 ஜூலை 7. இந்தியக் கடற்படையின் 300-வது அணி அங்கே தொடங்குகிறது. தலைமை, லெப்டினன்ட் கமாண்டர் பி.ஆர். ஆசார்யா. சின்னம் வெள்ளைப் புலி.

அவர்கள் கழற்றும்போதே நாம் மாட்டிக்கொண்டோம்.

*

1961 மார்ச் 4, பெல்ஃபாஸ்ட். விஜயலட்சுமி பண்டிட் விக்ராந்தைக் கடற்படையில் சேர்க்கிறார். முதல் கேப்டன் பிரீதம் சிங் மஹிந்த்ரூ.

மே 18. கப்பலில் முதல் ஜெட் இறங்குகிறது. விமானி லெப்டினன்ட் ஆர்.எச். தஹிலியானி. பின்னாளில் கடற்படைத் தளபதி ஆனார்.

நவம்பர் 3, பம்பாய். நேரு வந்து வரவேற்கிறார். அடுத்த மாதம் கோவா விடுதலை.

*

சூலூர்.

இதைச் சொன்னால் கோயம்புத்தூர்க்காரர்களே நம்ப மாட்டேன் என்கிறார்கள். இந்தியக் கடற்படையின் ஜெட் பிரிவு தொடங்கியது சூலூரில். 1958. வேம்பயர் பயிற்சி விமானங்களோடு. கடல் பார்க்க வேண்டுமானால் பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டி வர வேண்டும்.

1961 செப்டம்பர் 5. அதே சூலூரில் ஐ.என்.எஸ். ஹன்சா. கடற்படை விமானத்தளம். பருத்தியும் சோளமும் விளைகிற கரிசலுக்கு நடுவே கப்பல் பெயர் வைத்த ஒரு தளம், வெள்ளைச் சீருடை.

கோவா கிடைத்ததும் அங்கிருந்த தபோலிம் விமானத்தளம் கிடைத்தது. 1964-ல் ஹன்சா அங்கே போய்விட்டது. இன்றும் அங்கேதான்.

சூலூரில் இப்போது விமானப்படையின் தேஜஸ். அதன் கடற்படை வடிவம் 2023 பிப்ரவரி 6 அன்று புதிய விக்ராந்தில் இறங்கியது.

*

கொச்சியில் வில்லிங்டன் தீவு. ராபர்ட் பிரிஸ்டோ துறைமுகத்துக்காகத் தோண்டியெடுத்த சேற்றைக் கொட்டி உண்டாக்கிய மண். அதன்மேல் விமானத்தளம். 1953 மே 11-ல் ஐ.என்.எஸ். கருடா ஆனது. கடற்படையின் முதல் விமானத்தளம். கப்பல் வர இன்னும் எட்டு வருஷம் இருந்தது.

முதலில் வந்தவை சீலேண்ட். தண்ணீரிலும் தரையிலும் இறங்கும். குண்டான, அவசரமே இல்லாத விமானம்.

1999-ல் நெடும்பாசேரி திறக்கும் வரை வளைகுடா போகிறவர்களும் கடற்படையின் அந்த ஓடுபாதையில்தான் ஏறினார்கள். மட்டாஞ்சேரி பஜாரிலிருந்து ஒரு பாலம் தாண்டினால் விமானம். மிளகு மூட்டை வாசனை சட்டையிலிருந்து போவதற்குள் துபாய் வந்துவிடும் என்று ஒரு பழைய வியாபாரி சொன்னார். கொஞ்சம் கூட்டித்தான் சொன்னார்.

விமானத்தைப் பழுதுபார்க்கும் கடற்படையினரைப் பழக்குகிற பள்ளியும் கொச்சியில்தான். எங்கள் சேட்டனும் அதில் படித்தவர். "ஸ்பேனரைத் தேடாதே, எண்ணு" என்று சொல்லிக் கொடுத்தார்களாம். வேலை முடிந்ததும் கருவிகளை எண்ண வேண்டும். ஒன்று குறைந்தால் அது விமானத்துக்குள் இருக்கிறது.

*

மேற்கு ஜெர்மனியும் சீ ஹாக் வைத்திருந்தது. வால் கொஞ்சம் உயரம். ஜெர்மானியக் கடற்படை வேறு விமானத்துக்கு மாறியதும் 28 சீ ஹாக் விற்பனைக்கு.

வியாபாரி கெர்ஹார்ட் மெர்ட்டின்ஸ். மெரெக்ஸ் நிறுவனம். காகிதத்தில் வாங்கியது இத்தாலி. விமானம் வந்து சேர்ந்தது இந்தியா.

அதே மெர்ட்டின்ஸ், அதே காலம். ஜெர்மனியின் பழைய சேபர் விமானங்கள். காகிதத்தில் ஈரான். போய்ச் சேர்ந்தது பாகிஸ்தான்.

1965 யுத்தத்தின் சூடு ஆறாத நேரம். இரண்டு பக்கத்துக்கும் ஒரே கடை.

*

அந்த 1965-ல் விக்ராந்தை மூழ்கடித்துவிட்டதாகப் பாகிஸ்தான் சொன்னது. கப்பல் அப்போது பம்பாயில் பழுதுபார்ப்பில் நின்றுகொண்டிருந்தது.

*

இனி கொதிகலன்.

விக்ராந்தில் நாலு. 1971 போருக்கு முன் அவற்றில் விரிசல். பற்றவைத்துச் சரிசெய்ய வழியில்லை. சுற்றி எஃகுப் பட்டைகளை இறுக்கினார்கள். வேகம் மணிக்குச் சுமார் 16 கடல்மைலுக்கு மேல் போகக் கூடாது. புதிதாக இருந்தபோது இருபத்து நாலுக்கு மேல் ஓடிய கப்பல்.

வேகம் குறைந்தால் என்ன? மெதுவாகப் போய்ச் சேரட்டுமே.

அப்படியில்லை. கப்பலிலிருந்து விமானம் எழும்ப இறக்கைமேல் இவ்வளவு காற்று ஓட வேண்டும் என்று கணக்கு. கேட்டபுல்ட் கொஞ்சம் கொடுக்கும். கப்பல் காற்றுக்கு எதிரே திரும்பி ஓடிக் கொஞ்சம் கொடுக்கும். மிச்சம் வானம் கொடுக்க வேண்டும். மூன்றையும் கூட்டினால் கணக்கு நேராக வேண்டும்.

டிசம்பரில் வங்கக் கடலில் பல நாள் இலை அசையாது.

கணக்கு இடித்தால் குறைக்க முடிந்தது விமானத்தின் எடை மட்டும். ஒரு குண்டு குறை. கொஞ்சம் எரிபொருள் குறை. அப்படியும் ஆகாவிட்டால் காற்று வரும்வரை காத்திரு.

சேட்டனிடம் கேட்டேன். "மேகம் பார்ப்பீங்களா சேட்டா, காற்று எங்கே இருக்குன்னு?"

"தண்ணிய பார்க்கணும் சாரே. கறுத்துச் சுளிச்சு வர்ற இடத்துல காற்று உண்டு."

*

அந்தக் கணக்கு இடித்த இன்னொரு கப்பல்.

பிரிட்டனின் வெனரபிள். 1948-ல் நெதர்லாந்து வாங்கி கரேல் டோர்மன் என்று பெயரிட்டது. டச்சு சீ ஹாக்குகள் அதில் பறந்தன. 1968-ல் அர்ஜென்டினா வாங்கியது. வெய்ன்டிசிங்கோ தே மாயோ.

1982 மே 2. ஃபாக்லாந்து போர். பிரிட்டிஷ் கப்பல்களைத் தாக்க ஸ்கைஹாக் விமானங்கள் குண்டோடு தயார். தென் அட்லாண்டிக்கில், காற்றுக்குப் பேர்போன கடலில், அன்றைக்கென்று காற்று இல்லை. ஏவ முடியவில்லை.

அன்று சாயங்காலம் அர்ஜென்டினாவின் பெல்கிரானோ என்ற போர்க்கப்பல் மூழ்கடிக்கப்பட்டது. விமானந்தாங்கி துறைமுகம் திரும்பிவிட்டது. போர் முடியும்வரை வெளியே வரவில்லை.

கடைசியில் உடைத்தது எங்கே? குஜராத், அலங் கடற்கரை.

*

மறுபடி 1971. இந்தியக் கடற்படையின் கிழக்குப் பிராந்தியத் தளபதி வைஸ் அட்மிரல் நீலகண்ட கிருஷ்ணன். தமிழர். ஊனமான விக்ராந்தைக் கிழக்கே கொண்டுவந்து வைத்துக்கொண்டார். அதைத் தேடி காஸி என்ற பாகிஸ்தான் நீர்மூழ்கி கராச்சியிலிருந்து கிளம்பிவிட்டது.

விக்ராந்தை அந்தமானில் ஒளித்துவைத்தார்கள். போர்ட் கார்ன்வாலிஸ். ஆளரவமில்லாத விரிகுடா.

விசாகப்பட்டினத்தை ஒட்டிய கடலில் ராஜ்புத் என்ற பழைய கப்பல் விக்ராந்தாக நடித்தது. வானொலியில் ஏகப்பட்ட பேச்சு. கரையில் காய்கறியும் இறைச்சியும் மூட்டை மூட்டையாக வேண்டும் என்று ஒப்பந்தக்காரர்களுக்கு ஆர்டர். பெரிய கப்பல் வந்திருக்கிறது என்று கடைத்தெருவே பேச வேண்டும்.

கப்பலிலிருந்து ஒரு மாலுமியின் தந்தியும் போனது. அம்மாவுக்கு உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டு.

அந்த அம்மா கற்பனை. ஒற்றுக்கேட்கிறவன் நம்பியது அவளைத்தான் என்று தோன்றுகிறது.

டிசம்பர் 3 நள்ளிரவை ஒட்டி, விசாகப்பட்டினத்துக்கு வெளியே, காஸி மூழ்கியது. ராஜ்புத் போட்ட ஆழ்குண்டு என்கிறது இந்தியா. காஸி தானே புதைத்த கண்ணிவெடி என்கிறது பாகிஸ்தான்.

*

காஸி, முன்னாள் அமெரிக்க நீர்மூழ்கி டயாப்ளோ.

ராஜ்புத், முன்னாள் பிரிட்டிஷ் கப்பல் ராதர்ஹாம்.

விக்ராந்த், முன்னாள் ஹெர்குலிஸ்.

*

1971 டிசம்பர் 4. காலை பதினோரு மணி வாக்கில் எட்டு சீ ஹாக்குகள் கிழக்குப் பாகிஸ்தானின் காக்ஸ் பஜாரைத் தாக்கின. விமானத்தளம், கட்டுப்பாட்டுக் கோபுரம், எரிபொருள் கிடங்கு. பிற்பகலில் சிட்டகாங்.

அணித்தலைவர் லெப்டினன்ட் கமாண்டர் எஸ்.கே. குப்தா. கப்பல் கேப்டன் ஸ்வராஜ் பிரகாஷ். இருவருக்கும் மகாவீர் சக்ரா.

அடுத்தடுத்த நாட்களில் அலிஸே விமானங்களும் சேர்ந்துகொண்டன. பிரெஞ்சுத் தயாரிப்பு, மூக்கில் விசிறி. துறைமுகங்கள், கப்பல்கள், ஆற்று முகத்துவாரங்கள்.

எதிரியிடம் ஒரு சீ ஹாக்கைக்கூட இழக்கவில்லை. எதிரே வர வேண்டிய சேபர்கள் வரவில்லை; டாக்காவில் ஓடுபாதை சிதைந்து சில நாளிலேயே தரையில் முடங்கிவிட்டன. சேபர் வந்திருந்தால்? அது வேறு கதையாக இருந்திருக்கும். சேபர் வேகமானது, சண்டைக்கென்றே செய்தது. இதைப் பெருமையாக எழுதுகிறவர்கள் இந்த வரியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் அன்று வேலைக்கு வந்திருந்தது யார் என்பதையும்.

*

பிரிட்டன் முன்வரிசையிலிருந்து கழற்றிப் பதினொரு வருஷம் கழிந்த விமானம். அதன் மிகப் பெரிய வேலை அந்த டிசம்பரில்தான்.

*

காக்கநாட்டிலேயே, திருக்காக்கரை பக்கம், நீண்ட மதில். உள்ளே என்.பி.ஓ.எல். கடற்படைக்கான ஆராய்ச்சிக்கூடம். 1952-ல் கொச்சியில் சின்னதாகத் தொடங்கியது. கடலுக்குள் ஒலி எப்படிப் போகும் என்பதுதான் வேலை. சோனார்.

மேல்மட்டத்துத் தண்ணீர் வெயிலில் சூடாகிறது. அடியில் குளிர். ஒலி குளிர்ந்த பக்கமாக வளையும். மேலே நிற்கிற கப்பல் அனுப்பும் ஒலி கீழ்நோக்கி வளைந்து போய்விட, நடுவே ஒரு நிழல் விழுகிறது. நீர்மூழ்கி அதில் நிற்கும். நம் பக்கத்துக் கடலில் இது சாதாரணம்.

1971 டிசம்பர் 9. டையூவுக்கு அப்பால் இந்தியப் போர்க்கப்பல் குக்ரி மூழ்கியது. பாகிஸ்தானின் ஹேங்கர் நீர்மூழ்கி. கேப்டன் மகேந்திரநாத் முல்லா கப்பலை விட்டு இறங்கவில்லை. 194 பேர்.

மதிலுக்கு வெளியே பஸ் ஸ்டாப். கடலை வறுக்கிறவர். கடல் எந்தத் திசையில் என்று கேட்டால் யோசித்துத்தான் சொல்வார்.

*

போர் முடிந்த நாலாவது மாதம், 1972 ஏப்ரலில், கொச்சி கப்பல் கட்டுந்தளத்துக்கு இந்திரா காந்தி அடிக்கல் நாட்டினார்.

கிருஷ்ணன் ஓய்வுக்குப் பிறகு அந்தத் தளத்தின் தலைவராக வந்தார்.

1982-ல் காலமானார். விமானந்தாங்கி கட்டும் பேச்சே அப்போது அங்கே கிடையாது. முந்தைய வருஷம்தான் ராணி பத்மினி என்ற முதல் கப்பல் கட்டி முடிந்து வெளியே வந்திருந்தது. சரக்குக் கப்பல்.

*

300-வது அணி. சீ ஹாக் போனது. 1983-ல் சீ ஹேரியர் வந்தது. 2016-ல் அதுவும் போய் மிக்-29கே. வெள்ளைப் புலி மட்டும் மாறவில்லை.

சீ ஹேரியருக்கும் புகைவாய் பக்கவாட்டில்தான். பக்கத்துக்கு இரண்டு. திருப்பிக்கொள்ளலாம். அந்தக் குடும்பத்தின் முதல் விமானம் உருவானதும் ஹாக்கரில், சிட்னி காம் இருந்த காலத்தில். எஞ்சினின் சூட்டை இரண்டாகப் பிரித்துப் பக்கவாட்டில் விடலாம் என்று அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

*

கோவாவில், போக்மாலோ போகிற சாலையில், கடற்படை விமான அருங்காட்சியகம். வெளியே வெயிலில் ஒரு சீ ஹாக் நிற்கிறது. பள்ளிப் பிள்ளைகள் நேராக வால் பக்கம் போகிறார்கள்.

*

பழைய விக்ராந்த் 1997 ஜனவரி 31-ல் ஓய்வு. மும்பையில் சில வருஷம் அருங்காட்சியகமாக நின்றது. பராமரிக்கக் கட்டுபடியாகவில்லை. 2014-ல் ஏலம். சுமார் 60 கோடி. உடைத்தார்கள்.

இரும்பில் கொஞ்சத்தை பஜாஜ் வாங்கியது. 2016-ல் 'வி' பைக். விக்ராந்தின் உலோகம் பெட்ரோல் டேங்கில் இருக்கிறது என்று விளம்பரம்.

இன்ஃபோபார்க் கேட்டுக்கு எதிரே தட்டுக்கடை. சாப்பாடு டெலிவரி செய்கிற தேனிப் பக்கத்துப் பையன். வெள்ளை வி. டேங்கில் கீறல்கள். 'ஃபார் சேல்' என்று அட்டையில் எழுதிக் கட்டியிருந்தான்.

"தம்பி, இது எந்தக் கப்பல் இரும்புன்னு தெரியுமா?"

"தெரியும்ணே. அதுக்குத்தான் மூவாயிரம் சேத்துச் சொல்லிருக்கேன்."